சாவி கைக்கு வந்தால் குடியேறிவிட்டோமா?

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலை மாற்றலில் ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு, நிறுவனமே பெரும்பாலும் ஒரு ஃபர்னிஷ்டு அபார்ட்மென்ட் பார்த்து வைத்துவிடுகிறது. கட்டில், சோபா, வாஷிங் மெஷின், தட்டு, கரண்டி வரை எல்லாம் தயாராக இருக்கும். அப்படி வருகிற குடும்பங்களை ஃபிராங்க்ஃபர்ட்டில் குடிவைப்பது என் வேலை. அவர்கள் ஊரிலிருந்து சுமந்து வரும் நம்பிக்கைகளில் சில யாருக்கும் தீங்கு செய்வதில்லை. சில, முதல் மூன்று மாத நிம்மதியைக் குலைத்துவிடும்.

"பெட்டியோடு போய் இறங்கினால் போதும்"

இதைத்தான் அதிகம் கேட்கிறேன், அதிகத் தொல்லை தருவதும் இதுதான். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு, 'இவர் இன்ன தேதியில் என் வீட்டில் குடிவந்தார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. 2015 நவம்பர் முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி அதைத் தருவது அவருடைய கடமை. இருந்தும், குறுகிய கால வாடகைக்கு விடும் சில இடங்களில் தயங்குகிறார்கள். ஆகவே, "இந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா?" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு வாடகையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

ஏன் இத்தனை அழுத்தம்? பதிவு முடிந்தால்தான் பதினோரு இலக்க வரி எண் வரும். அது தபாலில், பதிந்த முகவரிக்குத்தான் வரும். அது கைக்கு வராமல் நாள் கடந்தால், சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரியைப் பிடித்துவிடலாம். பிடித்தங்களிலேயே மிக அதிகமானது அதுதான். பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், புது ஊரில் முதல் சில மாதச் செலவுக்கு அந்தப் பணம் கையில் இருக்காது.

தபாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே முகவரியில் பொதுவாக வீட்டு எண், மாடி எதுவும் எழுதுவதில்லை. தெருப் பெயர், கட்டட எண், ஆளின் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நிறுவனம் எடுத்த வீட்டில் பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயரோ முன்பு இருந்தவர் பெயரோ இருந்தால், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று திரும்பிப் போகும். இறங்கிய அன்றே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டுங்கள். வீட்டில் இருவருக்கு வெவ்வேறு கடைசிப் பெயர் என்றால் இரண்டையும் ஒட்ட வேண்டும். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ பின்னால் சேர்க்கும் நம் குடும்பங்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது.

"ஃபர்னிஷ்டு வீடு, கேட்ட வாடகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்"

அப்படியில்லை. வாடகை வீட்டுக்குத் தட்டுப்பாடு என்று அறிவிக்கப்பட்ட நகரங்களில், புதிய ஒப்பந்தத்தின் வாடகை அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகையை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது என்று 2015 முதல் ஒரு வரம்பு இருக்கிறது. மரச்சாமான்களுக்காகத் தனியே கூடுதல் தொகை வாங்கலாம். ஆனால் சாமான் இருப்பதாலேயே வீடு அந்த வரம்பிலிருந்து விலகிவிடாது. விலக்குகள் வேறு: தற்காலிகத் தங்கலுக்கு மட்டும் விடப்படும் வீடு, 2014 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாகக் குடிவைக்கப்பட்ட புதுக் கட்டடம் போன்றவை. அட்வான்ஸுக்கும் உச்சவரம்பு உண்டு. ஹீட்டிங் முதலான செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இதைச் சொன்னால் நம்பாமல் பார்ப்பார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனமே வீட்டை எடுத்து ஊழியரைத் தங்கவைத்தால், வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான அந்த ஒப்பந்தம் குடியிருப்பு வாடகைச் சட்டத்துக்குள் வராது. மேலே சொன்ன பாதுகாப்புகளும் அதில் தாமாக வந்து சேராது. நிறுவனத்தின் பெயரில் வீடு இருப்பதுதான் பத்திரம் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். வேலை முடிந்தால் வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும், சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற இரண்டையும் மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

"எல்லாம் வாடகைக்குள் அடக்கம்"

சில ஒப்பந்தங்களில் அடக்கம், பலவற்றில் இல்லை. ஹீட்டிங்குக்கும் தண்ணீருக்கும் மாதந்தோறும் முன்பணம் கட்டினால் வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். குளிர்காலம் முழுக்க ஹீட்டரைத் திருகிவிட்டு ஜன்னலைச் சாய்த்தே வைத்திருந்தவருக்கு அப்போது பெரிய தொகை வரும். டிவி இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ என்பது 2021 முதல் இருந்து வரும் தொகை. பதிவு முடிந்த சில வாரங்களில் இதற்கான கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

"நம் சமையல்தான் அவர்களுக்குப் பிரச்சினை"

தாளிப்பு வாசனைக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டிக்கொண்டு சமைக்கும் பெண்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வீட்டுக்காரர் பெரிதும் அஞ்சுவது பூஞ்சைக்கு. நீராவி வெளியேறாமல் குளிர்ந்த சுவரில் படிந்தால் மூலைகளில் கறுப்புப் படரும். ஒரு நாளில் சில முறை, ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு மூடினால் வாசனையும் போகும், ஈரமும் போகும்.

அட்வான்ஸில் பிடித்தம் வருவது வேறு காரணங்களால். கண்ணாடி அடுப்பின் மேல் கனத்த குக்கரை இழுத்தால் கீறல் விழும். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடே ஏறாது. வெளிர் நிறச் சமையல் மேடையில் மஞ்சள் கறை தங்கிவிடும். எல்லாவற்றையும்விடச் செலவு வைப்பது குளியலறை. ஷவர் பகுதிக்கு வெளியே தரையில் தண்ணீர் வடிய வழி பெரும்பாலும் இருக்காது. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் அது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். இதற்காகவே ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீட்டை முதல் வாரத்திலேயே எடுக்கச் சொல்கிறேன். வாடகைக்கு வந்த மரச்சாமான்களின் சேதமும் பொதுப் பூட்டின் சாவி தொலைவதும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். நுழையும் அன்று, ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படமெடுத்து ஒப்படைப்புத் தாளில் எழுதச் செய்யுங்கள்.

கிரைண்டருக்குக் கவலை வேண்டாம். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் மாவு அரைக்காமல் இருந்தால் சரி.

"அலுவலகம் பார்த்துக்கொள்ளும்"

ஊழியரைப் பார்த்துக்கொள்ளும். அவர் காலையில் கிளம்பிய பிறகு வீட்டில் இருப்பவரை யார் பார்ப்பது? உதவித் திட்டங்களின் பெரிய ஓட்டை இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குடும்ப விசாவில் வருகிற துணைவருக்கு வேலை செய்ய உரிமை உண்டு என்பதைக்கூடப் பலரிடம் யாரும் சொல்வதில்லை. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் பராமரிப்பு இடம் கேட்க 2013 முதல் சட்ட உரிமை இருக்கிறது. ஆனால் காத்திருப்பு நீளம், அதனால் விசா வந்ததுமே விண்ணப்பித்துவிட வேண்டும். நகரத்தின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்ற வயதுவந்தோர் கல்வி மையத்தில் மொழி வகுப்பு நடக்கும். பல நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் உண்டு. 1980களிலிருந்து அகதிகளாக வந்து வேரூன்றியவர்கள் அவர்கள். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலும் அந்த மக்கள் எழுப்பியதே. எந்த மருத்துவர் புது நோயாளிகளைச் சேர்க்கிறார், எந்தப் பள்ளியில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு உண்டு என்பதெல்லாம் எந்தக் கையேட்டையும்விட அந்தக் கடைக்கார அக்காவுக்குத் தெரியும்.

இன்னொன்று. பல கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது. காற்றில் சாத்திக்கொண்டால் சாவியில்லாமல் திறக்க முடியாது. ஞாயிறு இரவில் பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் கூலி பல மடங்கு. குப்பை போடப் போனாலும் சாவி கையில் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அதைக் கொடுக்கப் போகும்போதே அவர்களோடு அறிமுகமும் ஆகிவிடும்.