கார் சீட்டுக்கும் உண்டு சருமப் பராமரிப்பு!

சித்திரை மாத உச்சி வெயில். மணமேல்குடி கடைத்தெருவில் காரை ஓரங்கட்டிவிட்டு, மளிகை, காய்கறி எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்புகிறீர்கள். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடிக்கிறது. அதையும் பொருட்படுத்தாமல் ஏறி உட்கார்ந்த உங்கள் சின்ன மகள், "அம்மா, சுடுதும்மா!" என்று துள்ளி எழுகிறாள். கவுன் மறைக்காத தொடையில் சீட்டின் தையல் கோடு அப்படியே சிவப்பாகப் பதிந்திருக்கிறது.

'கார் சீட்டைத் துடைப்பது வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் வேலை. அதற்கும் குடும்ப ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? சம்பந்தம் இருக்கிறது. நம் உடம்பு மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அந்த சீட். அதில் நாம் எதைப் பூசுகிறோமோ, அதைத்தான் மூடிய கண்ணாடிக்குள் சுவாசிக்கிறோம். கார் என்பது வாசலில் நிற்கும் இன்னொரு அறை. அடுப்படியைத் துடைக்கும்போது காட்டுகிற அக்கறை அங்கேயும் வேண்டும்.

மூன்று விரோதிகள்!

சீட்டுக்கு விரோதிகள் மூன்று பேர். வெயில், உப்பு, வியர்வை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மணமேல்குடி மாதிரி ஊர்களில் மூவரும் ஒன்றாகவே வந்து சேர்வார்கள்.

முதலில் வெயில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களை அளந்து பார்த்தபோது, உள்ளே காற்றின் வெப்பம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். சீட் 51 டிகிரி, ஸ்டியரிங் 53 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி! நிழலில் நின்ற கார்களிலோ சீட் 41 டிகிரி, டேஷ்போர்டு 48 டிகிரிதான். ஒரு மரத்தடி செய்யும் வேலையைப் பார்த்தீர்களா?

அடுத்தது உப்பு. ஐப்பசி மழையில் அடுப்படி உப்பு ஜாடி கசகசவென்று நீர் விடுகிறது அல்லவா? காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். கடற்காற்றோடு வந்து சீட்டிலும் கார்ப்பெட்டிலும் படிகிற உப்பும் அப்படித்தான். உள்பக்கத்தை முழுசாக உலர விடாது. பூஞ்சணத்துக்கு அதுவே அழைப்பிதழ்.

மூன்றாவது நாமேதான்! வியர்வை, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், பவுடர், குங்குமம் எல்லாம் சேர்ந்துதான் சீட்டின் தலைப்பகுதி கறுத்துப் போகிறது. அதைச் 'சாயம் போயிடுச்சு' என்று நினைக்கிறோம். பாதி நேரம் அது வெறும் அழுக்கு.

உங்கள் சீட் எந்த ஜாதி?

துடைக்க ஆரம்பிக்கும் முன்பு இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் ரெக்சின் என்று சொல்வது வினைல், அதாவது பி.வி.சி. பிளாஸ்டிக் பூசிய துணி. ரெக்சின் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் வியாபாரப் பெயர். நம் ஊரில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. குழாய் செய்கிறார்களே, அதே சரக்குதான். அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் போன்ற ஒரு ரசாயனத்தைக் கலக்கிறார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அந்த ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்புறம் ரெக்சின் விறைத்து, வெடிக்கும். முன் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி ஒரு வழவழப்பு படிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

லெதர் என்பது நிஜத் தோல். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடுவது நம் தமிழ்நாட்டின் பழைய முறை. இப்போது கார் சீட் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. அதற்கு மேல் நிறமும், மெல்லிய பிளாஸ்டிக் பூச்சும் உண்டு. நீங்கள் துடைப்பது உண்மையில் அந்தப் பூச்சைத்தான். பதனிட்ட தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது. நம் சருமமும் அப்படியே. அதனால்தான் காரம் மிகுந்த துணி சோப்பு இரண்டுக்குமே ஆகாது.

'எங்க காரில் லெதர் சீட்' என்று பெருமைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். பல கார்களில் நாம் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டுமே தோல். பக்கவாட்டிலும் பின்புறமும் ரெக்சின்தான். காரோடு கொடுத்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தோல் என்றே வைத்துக்கொண்டு மென்மையாகத் துடையுங்கள். தோலுக்கு ஒத்துக்கொள்வது ரெக்சினுக்கும் ஒத்துக்கொள்ளும்.

துடைப்பது எப்படி?

* காரை நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, சீட் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். சூடான சீட்டில் சோப்பு நுரை உடனே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

* முதலில் மணலை எடுங்கள். கடற்கரைக்குப் போய் வந்த கார் என்றால் தையல் இடுக்கில் எல்லாம் மணல் இருக்கும். மணலோடு தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வேக்குவம் கிளீனர் இல்லையா? மெல்லிய பிரஷ் போதும்.

* ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பேபி ஷாம்பு. அவ்வளவுதான். முதலில் சீட்டின் மறைவான ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். சாயம் துணியில் ஒட்டாவிட்டால் மேலே போகலாம்.

* துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு பகுதியாகத் துடையுங்கள். தண்ணீரை ஊற்றவே கூடாது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் தோல் சீட் என்றால் உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்து, காயாமல் நாற்றமடிக்கும்.

* வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் சோப்பை எடுங்கள். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

* மஞ்சள் கறையில் சோப்பு பட்டுச் சிவந்தால் பதறாதீர்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும். வெறும் தண்ணீரில் துடைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். மிச்சம் மீதி வெளிச்சத்தில் மெள்ள மங்கிவிடும்.

வாரம் ஒரு தடவை தூசி எடுத்து, மாதம் ஒரு தடவை இப்படித் துடைத்தால் போதும்.

இதெல்லாம் வேண்டாமே!

தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர்: 'பளிச்'சென்று ஆகும், உண்மைதான். அழுக்கோடு பூச்சும் போய்விடும். மூடிய காருக்குள் அந்த ஆவி தலைவலி, மயக்கம், ஏன், தீ விபத்து வரை கொண்டு போகும்.

தேங்காய் எண்ணெய்: டேஷ்போர்டு மினுமினுக்க இதைப் பூசும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பூச்சுப் போட்ட தோலுக்குள் எண்ணெய் இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்குப் பிடித்த வாடை வரும்.

சானிடைசர்: 2020-இல் கொரோனா வந்தபோது ஆரம்பித்த பழக்கம். அதிலுள்ள ஆல்கஹால், தோலின் மேல்பூச்சை மெதுவாகக் கரைக்கும். கையில் தடவினால் நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடுங்கள்.

பிளீச்சிங் பவுடர், ஆசிட்: இரண்டும் தனித்தனியாகவே கெடுதல். கலந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரலுக்கு நேரடி ஆபத்து. சீட் பெல்ட்டில் பிளீச் பட்டால் நாடாவின் பலமே குறையும். பெல்ட்டுக்கும் அதே ஷாம்பு தண்ணீர்தான்.

பளபளப்பு ஸ்பிரே: ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அடிக்கவே அடிக்காதீர்கள். அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது கால் வழுக்கினால் என்ன ஆகும்?

பாதுகாப்பு எப்படி?

தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ரெக்சினுக்கு, வெயிலைத் தடுக்கும், எண்ணெய்ப் பசை இல்லாத பாலிஷ் போதும். இவற்றைவிடப் பெரிய மருந்து நிழல். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு வெள்ளி நிறத் தடுப்பை மாட்டுங்கள். சீட்டின் மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்துப் போடுங்கள். குழந்தை சுட்டுக்கொள்ளாது, வியர்வையையும் துண்டு குடித்துவிடும். துண்டைத் துவைப்பது சுலபம், சீட்டைத் துவைக்க முடியுமா? சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு மாட்டுங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

மழைக்காலத்தில் சீட்டில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் கிட்டே வர வேண்டாம். மூக்கை மூடிக்கொண்டு, கதவுகளைத் திறந்துவைத்து, ஷாம்பு தண்ணீரில் பிழிந்த ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் அதன் வித்துக்கள் காற்றில் பறக்கும். மிதியடியைத் தூக்கிக் கீழே கார்ப்பெட்டையும் பாருங்கள். ஈரத்தின் மூலம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

'காருக்குள் ஏறியதும் ஏ.சி. போட்டால் டேஷ்போர்டிலிருந்து புற்றுநோய் வாயு வரும்' என்று ஒரு வதந்தி உலவுகிறது. ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் வெயிலில் நின்ற கார்களின் காற்றைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பயப்படும்படியான நச்சு எதுவும் இல்லை. ஆனால் புதுக் காரின் காற்று அலர்ஜிக்காரர்களை லேசாகத் தூண்டக்கூடும் என்றார்கள். எனவே பீதி வேண்டாம். இரண்டு நிமிஷம் கண்ணாடியை இறக்கி, அனலை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமாக!

துடைத்த காரைக் காயவைக்கக் கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு, 'கொஞ்சம் கண்ணசரலாம்' என்று உள்ளே போய்விடுகிறோம். திறந்து கிடக்கும் கார், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டதால் உயிரிழந்தார்கள். மூடிய காரில் வெப்பம் ஏறுவதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பலன் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு வெகு சீக்கிரம் சூடேறும்.

ஆகவே கார் காயும் வரை ஒருவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். காய்ந்ததும் சீட்டுகளை ஒரு பார்வை பார்த்து, பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, பூட்டி, சாவியை உயரத்தில் மாட்டுங்கள். சீட்டில் வெடிப்பு வந்தால் தைக்க ஆள் இருக்கிறார். பிள்ளைகள் விஷயத்தில் அப்படி இல்லையே!

சரி, உங்கள் கார் இப்போது பூட்டியிருக்கிறதா? புத்தகத்தை வைத்துவிட்டு, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாங்களேன்.