கொசுவுக்குள் ஒரு நுண்ணுயிர்: டெங்குவைத் தடுக்குமா?

கேள்வி: ஐயா, நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. போன ஐப்பசி மழையில் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேருக்கு டெங்கு வந்தது. அதில் ஒரு பெண் குழந்தை தட்டணுக்கள் இறங்கி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில், “புதுச்சேரியில் கிருமி ஏற்றிய கொசுக்களை வளர்க்கிறார்கள், ஊருக்குள் விடப் போகிறார்கள்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. என் வீட்டுக்காரர், “நோயைப் பரப்பிவிட்டு மருந்து விற்கும் வேலை” என்கிறார். பிள்ளைகளும் என்னிடம் கேட்கிறார்கள். இது உண்மையா? அந்தக் கிருமி கொசு கடித்தால் நமக்குள் வருமா? அப்படி ஒரு கொசு நல்லது செய்யும் என்றால், தினமும் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவும் வேலை இனி வேண்டாமா?

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

உங்களுக்கு வந்த செய்தியில் பாதி உண்மை. புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் எஜிப்தி கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022 ஜூலையில் அந்த மையம் அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து சுமார் பத்தாயிரம் முட்டைகளை வரவழைத்து, நம் ஊர்க் கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, நான்கு ஆண்டு உழைப்பில் இரண்டு வகைகளை வளர்த்திருக்கிறார்கள். அவற்றை ஊருக்குள் விட அரசின் அனுமதி வேண்டும். “நோயைப் பரப்ப” என்பதுதான் அந்தச் செய்தியின் பொய்யான பாதி. நடப்பது அதற்கு நேர் எதிரான வேலை.

கிருமி நமக்குள் வருமா என்பதுதான் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ராத்திரி கொசுவலைக்கு வெளியே ரீங்காரம் போடுகிறதே, அது சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு. நீங்கள் பிறந்த நாளிலிருந்து உங்களைக் கடித்து வருகிறது. வோல்பாக்கியா அதன் உடம்பில் இயற்கையாகவே இருக்கிறது. 1924-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்தில் மார்ஷல் ஹெர்டிக், சிமியோன் வோல்பாக் என்ற இருவர் இந்த பாக்டீரியாவை முதன்முதலில் கண்டதே ஒரு கியூலெக்ஸ் கொசுவுக்குள்தான். 1936-ல் ஹெர்டிக் அதற்குத் தன் கூட்டாளியின் பெயரையே வைத்தார். பழ ஈ, வண்ணத்துப்பூச்சி, சில எறும்புகள் என்று ஏராளமான பூச்சியினங்களில் இது குடியிருக்கிறது. பூச்சியின் செல்லுக்குள்தான் வாழும், வெளியே வந்தால் தாங்காது. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். மனிதச் செல்லில் இது தங்குவதில்லை. இத்தனை தலைமுறையாக நம்மைக் கடித்த கியூலெக்ஸ் கொசுக்களே அதற்குச் சாட்சி.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நாளை வேறொருவர் உங்களை மடக்குவார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்குள்ளும் ஒரு வகை வோல்பாக்கியா இருக்கிறது. அந்தப் புழு மனித உடம்பில் இருக்கும்போது, அதற்குள் இந்த பாக்டீரியாவும் இருக்கும். ஆனால் அது புழுவைச் சார்ந்த வகை. வாழ்வது புழுவின் செல்லில், நம் செல்லில் அல்ல. டாக்ஸிசைக்ளின் மாத்திரையால் அதைக் கொன்றால் புழு மலடாகிறது என்று கண்டுபிடித்து, அதையே சிகிச்சையாகவும் பயன்படுத்துகிறார்கள். ஏடிஸ் கொசுவில் ஏற்றப்படுவது பழ ஈயிலிருந்தும் ஆசியப் புலிக் கொசுவிலிருந்தும் எடுத்த வகைகள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் இயற்கையாக வோல்பாக்கியா கிடையாது. அங்கேதான் இந்த ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது. வோல்பாக்கியா குடியேறிய ஏடிஸ் கொசு, டெங்கு நோயாளியின் ரத்தத்தைக் குடித்தாலும் வைரஸ் அதன் உடம்பில் சரியாகப் பெருகுவதில்லை. வைரஸுக்கும் இந்த பாக்டீரியாவுக்கும் கொசுவின் செல்லுக்குள் கொழுப்பு போன்ற அதே சத்துகள்தான் வேண்டும், அதில் போட்டி வருகிறது. கொசுவின் நோய் எதிர்ப்பு ஏற்பாடும் விழித்துக்கொள்கிறது. வைரஸ் எச்சில் சுரப்பிவரை வந்து சேராவிட்டால், அந்தக் கொசு கடித்தாலும் டெங்கு பரவாது. கடிக்கும், அரிக்கும், அவ்வளவுதான்.

ஒரு பூச்சியில் இருப்பதை இன்னொரு பூச்சிக்கு மாற்றுவது லேசான வேலையல்ல. கொசு முட்டை மிளகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இட்ட சில மணி நேரத்துக்குள், அது கறுத்து இறுகுவதற்கு முன், நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடி ஊசியால் குத்தி பாக்டீரியாவை உள்ளே செலுத்த வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முட்டைகளைக் குத்தியும் தேறுபவை ஒன்றிரண்டுதான். 2005-ல் அமெரிக்காவில் ஒரு குழு புலிக் கொசுவின் வோல்பாக்கியாவை ஏடிஸில் நிலைநிறுத்தியது. ஸ்காட் ஓ’நீல் தலைமையிலான ஆஸ்திரேலியக் குழு பழ ஈயின் வகையை ஏற்றி, 2011 ஜனவரியில் கெய்ர்ன்ஸ் நகரத்தை ஒட்டிய இரண்டு ஊர்களில் முதன்முதலாகத் திறந்து விட்டது. இதில் மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இல்லை. மரபணு மாற்றிய கொசு என்பது வேறு தொழில்நுட்பம். வாட்ஸ்அப்பில் இரண்டையும் குழப்புகிறார்கள்.

கொஞ்சக் கொசுக்களை விட்டால் ஊர் முழுக்க எப்படிப் பரவும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் பள்ளிகளுக்குப் போகும்போது மாணவர்களின் கண் விரிவது இந்த இடத்தில்தான். வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டைகள் பொரிப்பதில்லை. ஆனால் வோல்பாக்கியா உள்ள பெண், எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டைகள் பொரிக்கும், குஞ்சுகள் எல்லாம் தாயின் பாக்டீரியாவோடு பிறக்கும். ஆக, பாக்டீரியா இல்லாத பெண்ணின் வம்சம் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்குகிறது, உள்ள பெண்ணின் வம்சம் பெருகுகிறது. சில மாதங்கள் தொடர்ந்து விட்டால் போதும், பிறகு அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. முட்டைகள் பொரிக்காமல் போவதால் ஊரில் கொசுவே குறைகிறது. ஆனால் நிறுத்தினால் பழைய கொசு திரும்பிவிடும், அதனால் வாரந்தோறும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பலன் உண்டா என்றால், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தைச் சொல்வேன். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் 2017-ல் வோல்பாக்கியா கொசுக்களைப் பரப்பினார்கள். விட்டது பறக்கும் கொசுவைக்கூட அல்ல. ஒரு வாளியில் தண்ணீர், கொஞ்சம் மீன் தீனி, முட்டை ஒட்டிய ஒரு காகிதத் துண்டு. அதைத் தங்கள் வீட்டு வளாகத்தில் வைக்க மக்களே இடம் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டையை மாற்றினார்கள். பிறகு காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். கொசு விட்ட பகுதிகளில் 2905 பேரில் 67 பேருக்கு டெங்கு. விடாத பகுதிகளில் 3401 பேரில் 318 பேருக்கு. நோய் 77 சதவீதம் குறைந்தது, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை 86 சதவீதம் குறைந்தது. ஆதி உதாரினி என்ற பெண் விஞ்ஞானி முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த உங்கள் மாணவியை நினைத்துக்கொண்டு அந்த எண்களை மறுபடி படித்துப் பாருங்கள்.

அப்படியானால் இங்கே ஏன் உடனே விடக் கூடாது? நம் வெயில் ஒரு காரணம். பழ ஈயிலிருந்து வந்த வகை சூட்டைத் தாங்காது. பகலில் 37 டிகிரிக்கு ஏறி இரவில் 26-க்கு இறங்கும் தண்ணீரில் வளர்ந்த கொசுப்புழுக்களில் அந்த பாக்டீரியா வெகுவாகக் குறைந்துபோவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் உங்கள் மாடி பிளாஸ்டிக் டிரம்மில் கை வைத்துப் பாருங்கள், அந்தச் சூடு என்னவென்று தெரியும். புலிக் கொசுவிலிருந்து வந்த வகை வெப்பத்தை நன்றாகவே தாங்குகிறது. கோலாலம்பூரில் அதைத்தான் விட்டார்கள், அந்தப் பகுதிகளில் டெங்கு சுமார் 40 சதவீதம் குறைந்தது. புதுச்சேரியில் இரண்டு வகையையும் வைத்திருப்பது நல்ல யோசனை. தமிழ்நாட்டுக் கோடைக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும் என்பது என் கணிப்பு.

உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்தையும் நான் ஒதுக்க மாட்டேன். அதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1967-ல் ரங்கூன் அருகே ஒக்போ என்ற கிராமத்தில் ஹான்ஸ் லாவன் என்ற ஜெர்மானியர், முட்டை பொரிக்காமல் செய்யும் ஆண் கொசுக்களைத் தினமும் விட்டு, அங்கிருந்த கியூலெக்ஸ் கொசுவைச் சில வாரங்களில் ஒழித்துக் காட்டினார். அதற்குக் காரணம் வோல்பாக்கியா என்று அப்போது அவருக்கே தெரியாது. 1971-ல்தான் அது நிரூபணமானது. அந்த நம்பிக்கையில் 1970-களின் தொடக்கத்தில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, அமெரிக்கப் பணத்தில், கொசுக்களை மரபியல் முறையில் கட்டுப்படுத்தும் ஆய்வைத் தொடங்கின. ஹரியானாவின் சோனிபட்டில் ஏடிஸ் கொசுக்களை விடவும் ஏற்பாடு நடந்தது. ஏடிஸ் கொசு மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக் கூடியது. அதனால் இந்த ஆய்வே உயிரியல் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டு எழுந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவரை போய், 1975-ல் திட்டமே மூடப்பட்டது. சோனிபட்டில் ஒரு கொசுவும் விடப்படவில்லை.

அந்தத் திட்டம் விழுந்தது அறிவியல் தோற்றதால் அல்ல. எதற்கு, யார் பணத்தில், என்ன கொசு என்று மக்களிடம் முன்கூட்டியே சொல்லாததால் விழுந்தது. அதனால் நம் பக்கம் என்றைக்காவது இந்தக் கொசுவை விட வந்தால், கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். எந்த வகை பாக்டீரியா? எத்தனை மாதம் விடுவீர்கள்? அந்த மாதங்களில் கடி கூடுமா? கூடும், ஆண்-பெண் இரண்டையும் விடும் முறையில் கொஞ்ச காலம் கொசு அதிகம் தெரியும், அதை அவர்கள் மறைக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். பலனை யார் அளப்பார்கள், அந்தக் கணக்கை ஊருக்குக் காட்டுவீர்களா என்றும் கேளுங்கள். யோக்யகர்த்தாவில் ஊர்ப் பெரியவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான் வாளிகளை வைத்தார்கள்.

கடைசிக் கேள்வி, தொட்டி கழுவுவது. அதை விட முடியாது. வோல்பாக்கியா கொசு வந்தாலும் டெங்கு குறையுமே தவிரக் கொசு ஒழியாது. கொசுக் கட்டுப்பாட்டு வேலையில் இருந்த காலமெல்லாம் நான் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடியிருக்கிறேன். கண்ணுக்கு எதிரே இருக்கும் தொட்டியை எல்லோரும் மூடிவிடுவார்கள். புழு கிடைப்பது ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில், பயன்படுத்தாத ஆட்டுக்கல் குழியில், கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சியில், மொட்டை மாடி டயரில். ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் மண்சட்டியிலேயே நெளிந்துகொண்டிருந்தது. தினமும் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை.

பலர் செய்யும் ஒரு தப்பு, தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி நிரப்புவது. ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரித்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால் உட்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும், வாரம் ஒருமுறை தவறாமல்.

உங்கள் வகுப்பில் இதைக் கண்ணால் காட்டலாம். ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, பழைய வெள்ளை வேட்டித் துண்டை உட்புறம் சுற்றி ஒட்டி, பள்ளிச் சுவர் ஓரம் நிழலில் வையுங்கள். நான்காம் நாள் துணியை எடுத்துக் கைலென்ஸில் பார்த்தால், நீர்மட்டக் கோட்டுக்கு மேலே மசித்தூள் தூவினாற்போலக் கறுப்பு முட்டைகள் வரிசையாகத் தெரியும். பிள்ளைகள் எண்ணி முடித்ததும் டம்ளரிலும் துணியிலும் கொதிக்கும் தண்ணீரை நீங்களே ஊற்றிவிடுங்கள். ஐந்தாம் நாள் வரை மட்டும் அதை விட்டுவைக்காதீர்கள்.