வீட்டுக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்

கருவி என்பது கைக்கெட்டும் இடத்தில் இருந்து, வேண்டும்பொழுது வேலை செய்தால்தான் கருவி; பரணில் கிடந்தால் அது பாரமே. எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலும், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர்களிலும் இவ்வாறு பரணில் கிடக்கும் கருவி ஒன்று உண்டு. அதுவே மடிக்கணினி. 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தின் வாயிலாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்ற பிள்ளைகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டவை அவை. பிள்ளைகள் படிப்பு முடிந்து வேலைக்கோ, மணமாகி வேற்றூருக்கோ சென்றபின், "மெதுவாக ஓடுகிறது", "கிருமி புகுந்துவிட்டது" என்று சொல்லி அவற்றை மூடி வைத்துவிட்டவர் பலர்.

அதே வீட்டார் ஒரு மனு எழுத வேண்டுமாயின் டவுனுக்குப் பேருந்து ஏறித் தட்டச்சுக் கடைக்குக் காசு கொடுக்கின்றனர். பருத்தி போட்டதில் மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டால், "கையைக் கடிக்கவில்லை" என்பதற்கு மேல் அவர்களால் விடை கூற இயலுவதில்லை. மானாவாரி நிலத்தில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தால் நிலத்தையே விற்க நேரும் இப்பகுதியில், கணக்கு இல்லாமை சிறிய குறையன்று. வீட்டிலுள்ள கணினியைக் கொண்டே இக்குறையை எவ்வாறு போக்கலாம் என்பதைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கணினி ஏன் முடங்கிற்று?

கணினியின் உடல் வேறு. அதனை இயக்கும் மென்பொருள் வேறு. உடல் நன்றாயிருந்தும் மென்பொருள் பழையதாகிவிட்டமையாலேயே பல கணினிகள் முடங்கின. விண்டோஸ் 7 என்னும் இயக்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10 பதிப்பிற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் பழைய பொறிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆதலின், புதுக் கணினி வாங்குவது அல்லது எங்கோ கிடைத்த திருட்டுப் படியை ஏற்றிக்கொள்வது என்னும் இரண்டு வழிகளே உள்ளன என்று மக்கள் எண்ணுகின்றனர். முன்னதற்குப் பணமில்லை; பின்னது சட்டத்திற்கு மாறானது, கிருமிகளுக்கும் வாயில் திறப்பது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே கட்டற்ற மென்பொருள்.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது?

விதையை எடுத்துக்கொள்வோம். நாட்டுக் குதிரைவாலி விதையை உழவர் விதைக்கலாம். விளைந்ததில் நல்ல கதிராகப் பொறுக்கி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம். அடுத்த வீட்டாருக்கு ஒரு படி கொடுக்கலாம். இதற்கு எவர் உத்தரவும் வேண்டுவதில்லை. கட்டற்ற மென்பொருளும் அத்தகையதே. அதனை எப்பணிக்கும் பயன்படுத்தலாம். அது இயங்கும் முறையை ஆராய்ந்து நமக்கேற்பத் திருத்தலாம். படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். திருத்திய படியையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளே அதன் இலக்கணம். ஆராய்வதற்கு வேண்டிய மூல நிரல் எவரும் காணத் திறந்திருத்தலின், திறந்த மூல மென்பொருள் என்றும் கூறுவர்.

காசில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்றதாகாது. கைப்பேசியில் விலையின்றி இறக்கிக்கொள்ளும் செயலிகள் பல, மூல நிரலைக் காட்டாதவை. திருத்தவும் பகிரவும் உரிமை தாராதவை. விலையைக் காட்டிலும் உரிமையே இங்கு முதன்மை என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இம்முயற்சியை 1983ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் குனு திட்டம் என்னும் பெயரால் அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவகத்தை வெளியிட்டார். இரண்டும் இணைந்தே இன்றைய லினக்ஸ் இயக்குதளங்கள் ஆயின. உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் கைகூடி அவற்றைப் பேணி வருகின்றனர். கண்மாய் நீரைப் பயன்படுத்துவோரே கூடி மடையும் வரத்துக்காலும் செப்பனிட்ட குடிமராமத்தை அறிந்த நம்மவர்க்கு இம்முறை புதியதன்று.

நம் நாட்டில் நடந்தவை

தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், சி. உமாசங்கர் அவர்கள் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006–2007ஆம் ஆண்டுகளை ஒட்டித் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் தளத்தை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் லினக்ஸைச் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. மாணவர்க்கு முதலில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இந்தப் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம் நாளடைவில் கட்டற்ற மென்பொருளுக்கே முழுமையாக மாறிற்று. அங்குள்ள அரசுப் பள்ளி மாணவர்கள் இன்றும் அதிலேயே பயில்கின்றனர்.

கேரளத்தில் வேரூன்றிய ஒன்று நம் ஊர் வீடுகளில் வேரூன்றாமை ஏன்? நாம் கண்ட அளவில் காரணம் ஒன்றே. அங்கே ஆசிரியர்கள் முதலில் பயின்றனர். பின்னர்ப் பாடத்தின் ஒரு பகுதியாகவே மாணவர்க்குக் கற்பித்தனர். இங்கே பொறி வீடு வந்து சேர்ந்தது. கற்பிப்பார் உடன் வரவில்லை. பயன்படுத்தும் முறையை அருகிருந்து காட்டுவார் இல்லையெனில் எந்த நற்கருவியும் மூலைக்கே போகும். இப்பாடத்தில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்தும் இதுவே.

நிறுவும் முறை

முதலாவது, கணினியின் நினைவகத்தின் அளவை அறிந்துகொள்க. 4 ஜிபி அல்லது அதற்கு மேல் இருப்பின் லினக்ஸ் மின்ட் தளத்தின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு பொருந்தும். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் உள்ளதுபோல 2 ஜிபி மட்டுமே இருப்பின், லுபுண்டு அல்லது எளிய முகப்புடன் கூடிய டெபியன் ஏற்றது.

இரண்டாவது, கணினியில் உள்ள ஒளிப்படங்கள், சான்றிதழ்கள் ஆகியவற்றை வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்தபின்னரே மேற்செல்க. புதுத் தளத்தை வட்டு முழுவதிலும் நிறுவுங்கால் பழையவை யாவும் அழிந்துபோகும். அழிந்தபின் வருந்திப் பயனில்லை.

மூன்றாவது, தேர்ந்த தளத்தை அதன் உரிய இணையத்தளத்திலிருந்தே இறக்குக. வேகமான இணைப்புள்ள ஓரிடத்தில் ஒருவர் இறக்கினால் ஊர் முழுவதற்கும் போதும். படியெடுத்துக் கொடுப்பது உரிமையே ஆதலின் குற்றமில்லை. பின்னர் எச்சர் அல்லது ரூஃபஸ் என்னும் செயலியைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அதனை எழுதுக. அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவையும் அழிந்துவிடும்.

நான்காவது, பென் டிரைவைச் செருகிக் கணினியை இயக்கி, தொடக்கப் பட்டியலை வரவழைத்து, அதிலிருந்து தளத்தைத் தொடங்குக. இதற்குரிய விசை பொறிக்குப் பொறி வேறுபடும். எஃப்2, எஃப்9, எஃப்12 ஆகியவற்றுள் ஒன்றாக இருத்தல் வழக்கம். இந்நிலையில் வட்டில் எதுவும் மாறுவதில்லை. நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். திரை, ஒலி, விசைப்பலகை, கம்பியில்லா இணைப்பு ஆகியவை சரியாக உள்ளனவா என்று பொறுமையாகச் சோதித்தறிக. மாடு வாங்குவோர் ஏரில் பூட்டிப் பார்த்து வாங்குவது போன்றதே இது.

ஐந்தாவது, மனம் நிறைவுற்றால் நிறுவுக. மின்கலம் பழுதான கணினியெனில், மின்தடை நேராத வேளையாகத் தேர்ந்துகொள்க. இடையில் மின்சாரம் நின்றால் வேலை கெடும். பழைய வட்டை மாற்றி எஸ்எஸ்டி வட்டு பொருத்துவோர் வேகத்தில் பெரும் மாறுதலைக் காண்பர்.

தமிழில் எழுதுதல்

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலும் உண்டு. அமைப்புகள் பகுதியில் உள்ளீட்டு முறையாகத் தமிழைச் சேர்த்தல் வேண்டும். உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்திருத்தலின் நாள்தோறும் அரைமணி நேரம் பழகினால் சில வாரங்களில் கை பழகிவிடும். ஒருங்குறியிலேயே எழுதுக. பழைய தனிக் குறியீடுகளில் எழுதிய மனு, அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால் புரியாத கிறுக்கலாகத் தோன்றும்; ஒருங்குறியில் எழுதியதற்கு அத்தொல்லை இல்லை.

பண்ணைக் கணக்கு

லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுப்பு பெரும்பாலான தளங்களில் முன்னரே அமைந்திருக்கும். அதில் ரைட்டர் எழுதுவதற்கு, கால்க் கணக்கிடுவதற்கு. கால்க் தாளில் தேதி, புலம், வேலை, ஆள், பொருள், தொகை என ஆறு கட்டங்கள் வகுத்துக்கொள்க. உழவு, விதை, உரம், மருந்து, களையெடுப்பு, பருத்தி எடுப்புக் கூலி, வண்டி வாடகை ஆகிய ஒவ்வொன்றையும் செலவான அன்றே எழுதுக. குடும்பத்தார் செய்த வேலையையும் அவ்வூர்க் கூலி விகிதத்தில் கணக்கிட்டு எழுதுதல் வேண்டும். பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறாமற் போவது இதில்தான். கடைசியில் கூட்டுத்தொகை காண்பதற்கான கட்டளையைக் கொடுத்தால் தாளே கூட்டிக் காட்டும். விற்ற வரவை வேறு பக்கத்தில் எழுதி, செலவைக் கழித்தால் உண்மை நிலை விளங்கும்.

மூன்று ஆண்டுகள் இவ்வாறு எழுதினால், அதே புலத்தில் பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, மல்லி ஆகியவற்றுள் எது மழை குறைந்த ஆண்டிலும் கைகொடுத்தது என்பதை உழவரே காண்பார். வியாபாரியின் துண்டுச் சீட்டை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறும். மழையளவைப் பதியவும் ஒரு தாள் வைக்கலாம். பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் படிகளை ஆண்டுவாரியாக ஓர் அடைவில் வைத்து, பென் டிரைவிலும் ஒரு படி வைத்துக்கொண்டால் தேடி அலைய வேண்டுவதில்லை.

எல்லைகள்

இம்முறையால் எல்லாம் கூடும் என்று கூறுவது பொருந்தாது. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில கணக்கு மென்பொருள்கள் இதில் ஓடமாட்டா. கைரேகைக் கருவிகள், மின்னொப்பச் சாவிகள், சில அச்சுப்பொறிகள் ஆகியவற்றுக்கு உரிய இணைப்பு மென்பொருள் கிடைக்காமற் போகலாம். ஆதலின், ஊராட்சி அலுவலகக் கணினியில் உத்தரவின்றிக் கை வைத்தல் கூடாது. இப்பாடம் வீட்டுக் கணினிக்கே உரியது.

கூடிக் கற்றல்

விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் தம் மாவட்டத்து ஊர்ப்புற மாணவர்க்கு விலையின்றிப் பயிற்சி அளித்து வருகின்றனர். 2012ஆம் ஆண்டு தொடங்கிய கணியம் இதழ், இத்துறைப் பாடங்களை எளிய தமிழில் இணையத்தில் வழங்குகிறது. இவ்வழியை நம் ஊர்களும் பின்பற்றலாம். முதல் வாரம் கணினியைச் சோதித்துப் படியெடுத்தல். இரண்டாம் வாரம் நிறுவுதல். மூன்றாம் வாரம் தமிழில் ஒரு மனு எழுதுதல். நான்காம் வாரம் ஒரு பயிருக்குக் கணக்கு எழுதுதல் என வகுத்துக்கொண்டு, ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளியிலோ மாலை வேளையில் பத்துப்பேர் கூடினால் போதும். மேல்நிலை வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டிலிருக்கும் பெண்களே இதற்குத் தக்க ஆசிரியர்கள் ஆவர். பொறியை முன்பே கையாண்டவர்கள் அவர்கள்தாம்.

ஆண்டுக்கு ஆறு முறை நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. வரும் கூட்டமொன்றில், ஊரில் மூடிக் கிடக்கும் கணினிகள் எத்தனை, கற்பிக்க முன்வருவோர் எவர் என்னும் இரண்டு வினாக்களை ஊராட்சி அன்பர்கள் எழுப்புவார்களாக. புரட்டாசியில் விதைப்புக்குப் புழுதி உழவு ஓட்டும் முன்னரே முதல் தாள் திறக்கப்படுமாயின், அவ்வாண்டுச் செலவு முழுவதும் விடுபடாமல் அதில் ஏறிவிடும்.