பாட்டியின் குரல் எங்கே போனது?
இருதட ஒலியும் கோப்பு வடிவங்களும்

கழக நிகழ்ச்சிகளுக்கு ஒலிக்கோப்பு தயாரிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவரின் தலையில் விழும். நாடகத்திற்குப் பின்னணி இசை, கலையிரவுக்கு அறிவிப்பு, தோட்டப்புறப் பெரியவர்களின் நேர்காணல் எனப் பலவும் அதில் அடங்கும். பதிவு செய்யும் வேளையில் எல்லாம் சரியாகவே இருக்கும். கணினியிலிருந்து வெளியே எடுத்து, மண்டபத்திலோ கைத்தொலைபேசியிலோ போட்டுப் பார்க்கும்போதுதான் சிக்கல் தலைகாட்டும். குரல் ஒரு காதில் மட்டும் கேட்கும். சில வேளை அறவே கேட்காது. இதற்கான காரணங்களை நான் கண்டறிந்த வகையில் இங்கே எழுதுகிறேன். ஸ்டீரியோவை இருதட ஒலி என்றும், மோனோவை ஒருதட ஒலி என்றும் குறிப்பிடுகிறேன்.

நமக்கு இரண்டு காதுகள். வலப்பக்கம் அடிக்கும் தவில் வலக்காதுக்குச் சற்று முன்னதாகவும் சற்று வலுவாகவும் வந்து சேர்கிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டே திசையை அறிகிறோம். இதை ஒலிப்பதிவிலும் கொண்டுவரலாம் என்று 1931ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஆலன் புளூம்லின் என்ற பொறியாளர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தமிழ்த் திரையில் பாடல்கள் இருதட ஒலியில் பதிவான முதல் படமாக, 1978இல் இளையராஜா இசையில் வெளிவந்த ‘பிரியா’வைக் குறிப்பிடுவர்.

ஆனால், நாம் எதில் கேட்கிறோம்? பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் கடை வாசலில் ஒரேயோர் ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும். தீபாவளிக் காலத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பெரும்பாலும் அதே கதைதான். கோயில் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கிகள், பள்ளி மண்டபத்தின் ஒலி அமைப்பு, மலிவான கைத்தொலைபேசி ஆகிய அனைத்தும் பொதுவாக ஒருதடக் கருவிகளே. அவை இடத்தடத்தையும் வலத்தடத்தையும் கூட்டி ஒன்றாக்கிவிடும். இந்தக் கூட்டலில்தான் விபத்து நடக்கிறது.

ஒலி என்பது மேலும் கீழும் போகும் அலை. இடத்தடத்தில் +5, வலத்தடத்தில் +5 என்றால் கூட்டினால் 10. இடத்தடத்தில் +5, வலத்தடத்தில் –5 என்றால் கூட்டினால் சுழியம். இரண்டு தடங்களிலும் குரல் முழுமையாக இருக்கும். கூட்டினால் ஒன்றுமே இராது.

பண்பலை வானொலியிலும் இதே கணக்குதான். இருதட ஒலிபரப்பில் முதலில் செல்வது இரு தடங்களின் கூட்டல். அவற்றின் கழித்தல், 38 கிலோஹெர்ட்சு துணை அலையின் மீது ஏற்றி அனுப்பப்படுகிறது. சமையலறையில் இருக்கும் ஒருதட வானொலிப் பெட்டி கூட்டலை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆகவே, தலைகீழான தடம் கொண்ட ஒரு பாடலை நிலையத்தார் கவனியாமல் ஒலிபரப்பினால், அந்தப் பெட்டிக்கு முன்னால் இருப்பவருக்கு மௌனமே கிட்டும். ஒலிபரப்புக் கூடங்களில் இரு தடங்களின் ஒத்திசைவைக் காட்டும் அளவி ஒன்று இதற்காகவே இருக்கும்.

இது ஏட்டுக் கணக்கன்று. 2014ஆம் ஆண்டில் கிள்ளானில் நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு படித்த நண்பரின் பாட்டி, இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் பாடும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் பதிவு செய்ய வேண்டுமென்று குடும்பத்தார் ஒலிப்பதிவாளர் ஒருவரை வீட்டிற்கே அழைத்திருந்தனர். ஒலிவாங்கி, கலவைக் கருவி, கையடக்கப் பதிவுக் கருவி என எல்லாம் வந்தன. ஒரு விரலியில் வேவ் கோப்பும், உறவினருக்கு அனுப்புவதற்கென்று புலனத்தில் எம்பி3 கோப்பும் கிடைத்தன. சில மாதங்களில் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. அதன் பிறகுதான் வீட்டார் அந்த எம்பி3 கோப்பை முதன்முறையாகத் திறந்து கேட்டிருக்கின்றனர்.

“தம்பி, மழை பெய்யிற மாதிரி சத்தம் மட்டும்தான் கேக்குது. அம்மா எங்க?” என்று நண்பரின் தாயார் என்னிடம் கேட்டார்.

பாட்டி மெதுவாகப் பாடியதால் அப்படி ஆகிவிட்டது என்பதே பதிவு செய்தவர் சொன்ன விளக்கம். விரலியில் இருந்த கோப்பையும் கைத்தொலைபேசியிலேயே போட்டுப் பார்த்து, அதுவும் வீண் என்று முடிவு செய்திருந்தனர். அந்த விரலியை அழித்துவிட்டு நண்பரின் தங்கை பள்ளிப் பாடங்களுக்குப் பயன்படுத்தவிருந்தார்.

வேவ் கோப்பைக் கணினியில் ஓடாசிட்டி மென்பொருளில் திறந்தேன். இரு தடங்களும் வலுவான அலைகளோடு இருந்தன. அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேல்தடம் மேலே போகும் இடத்தில் கீழ்த்தடம் கீழே போனது. கண்ணாடியில் பார்ப்பது போன்ற தோற்றம். காதணிபேசியில் கேட்டபோது குரல் நன்றாகவே கேட்டது. ஆனால், முன்னால் நின்று பாடுவதுபோல் இல்லாமல் தலைக்குப் பின்னால் எங்கோ மிதந்தது. தலைகீழான தடத்திற்கு இதுவே அடையாளம். கூட்டலில் எஞ்சிய ‘மழை’, பதிவுக் கருவியின் சொந்த இரைச்சல். அது இரு தடங்களிலும் வெவ்வேறாக இருப்பதால் ஒன்றையொன்று அழிக்காமல் தங்கிவிடுகிறது.

காரணம் ஒரு கம்பிதான். தொழில்முறைக் கலவைக் கருவிகளின் சமநிலை வெளியீட்டில், ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராகச் செல்லும். வழியில் சேரும் இரைச்சலை நீக்குவதற்கான ஏற்பாடு அது. அந்தக் கம்பியைப் பதிவுக் கருவியின் சிறிய ஸ்டீரியோ துளையில் நேராகச் செருகினால், ஒரு கம்பி இடத்தடமாகவும் மற்றது தலைகீழாக வலத்தடமாகவும் பதிவாகிவிடும். செருகி கச்சிதமாகப் பொருந்துவதால் ஐயமே எழாது. இதற்கென்று தனிக் கம்பியோ மாற்றியோ பயன்படுத்த வேண்டும்.

திருத்துவது இரண்டு நிமிட வேலை. தடத்தின் பெயர்ப் பட்டியலில் ‘ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ’ என்பதைத் தேர்ந்தால் இரு தடங்களும் பிரியும். ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை ஒருதட ஒலியாகவே வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு தடத்தை மட்டும் தேர்ந்து ‘இன்வெர்ட்’ கட்டளையைக் கொடுத்த பின் இரண்டையும் கூட்டலாம். இதில் குரல் கூடும், இரைச்சல் ஒப்பளவில் குறையும். நான் செய்தது இரண்டாவது. பாட்டியின் ஏழு பாடல்களும் முழுமையாகக் கிடைத்தன.

புலனத்தில் வந்த எம்பி3 கோப்பை மட்டும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அளவைக் குறைப்பதற்காக அதை ஒருதட ஒலியாக மாற்றி அனுப்பியிருந்தனர். கூட்டல் அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. சுழியத்திலிருந்து எந்த மென்பொருளாலும் ஐந்தைத் திரும்பப் பெற முடியாது. விரலியை அழித்திருந்தால் அக்குரலும் அன்றோடு போயிருக்கும்.

எல்லாக் குரல் மறைவுக்கும் இதே மருந்து பலிக்காது. பட்டிமன்றத்தில் ஒரே பேச்சாளரின் குரல் தள்ளித் தள்ளி வைத்த இரண்டு ஒலிவாங்கிகளில் விழுவதுண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகவே 34 சென்டிமீட்டர் தூர வேறுபாட்டுக்கு ஆயிரத்தில் ஒரு நொடி தாமதம் ஏற்படும். கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்சு எனச் சில சுரங்கள் மட்டும் அழிந்து, தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் கேட்கும். இங்கே ‘இன்வெர்ட்’ உதவாது. நல்ல தடத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியதுதான். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப்போல் மும்மடங்கு தூரமாவது இரு ஒலிவாங்கிகளுக்கிடையே இருந்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

கோப்பு வடிவத்திற்கு வருவோம். குறுந்தட்டின் அளவான 44,100 ஹெர்ட்சு, 16 பிட்டு, இருதட வேவ் கோப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் எடுக்கும். 128 கிலோபிட்டு எம்பி3 நிமிடத்திற்கு ஒரு மெகாபைட் அளவில் முடிந்துவிடும். எஞ்சியது எங்கே போனது? காது கவனிக்காது என்று கணக்கிட்டு வீசப்பட்டது, அது திரும்பாது. எம்பி3 கோப்பைத் திறந்து வெட்டி மீண்டும் எம்பி3 ஆக்கினால் மறுபடியும் வீசப்படும். ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்கு நகலெடுத்த தலைமுறைக்கு இதை விளக்கவே தேவையில்லை. எனவே மூலத்தை வேவ் வடிவிலோ, இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் வடிவிலோ வைத்துக்கொண்டு, பிறருக்குக் கொடுக்க மட்டும் எம்பி3 எடுங்கள். தனியொருவர் பேச்சுக்கு இருதடம் தேவையே இல்லை. ஒருதட வேவ் பாதி இடமே எடுக்கும். ஆனால், ஒருதடமாக்குமுன் ஒருமுறை கூட்டிக் கேட்டுவிடுங்கள். புலனத்தில் அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

காணொளிக்கு வழக்கமான அளவு 48,000 ஹெர்ட்சு. 48,000இல் பதிவானதை 44,100 என்று தவறாகக் கருதி ஒரு கருவி இயக்கினால், பாட்டு ஏறத்தாழ எட்டு விழுக்காடு மெதுவாகி, சுருதி ஒரு சுரத்தானத்துக்கும் மேலாக இறங்கும். நடனமணி மேடையில் தடுமாறும்போது பாடகர்மீது பழி போடுமுன் இதைச் சோதிப்பது நல்லது.

இன்னொன்று, மாணவர்கள் அடிக்கடி கேட்பது: “கோப்பு அனுப்பினேன், அவர்களுக்குத் திறக்கவில்லையாம்.” ஓடாசிட்டியில் ‘சேவ்’ செய்து கிடைப்பது வேலைக்கோப்பு, அது பாடல் கோப்பு அன்று. பழைய பதிப்புகளில் உண்மையான ஒலி, பக்கத்திலுள்ள தனிக் கோப்புறையில் இருக்கும். வேலைக்கோப்பை மட்டும் அனுப்பினால் வெறும் கூடுதான் போகும். 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பாகிவிட்டன. ஆயினும் அதை மண்டபத்து ஒலிக்கருவி இயக்காது. ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து வேவ் ஆகவோ எம்பி3 ஆகவோ எடுத்த பின்னரே விரலியில் ஏற்றுங்கள். ஏற்றியதை வேறொரு கணினியிலும், ஒரு மலிவுக் கைத்தொலைபேசியிலும் போட்டுக் கேளுங்கள்.