ஏற்றமும் இறக்கமும்

1985இல் வெளிவந்த மாருதி ஜிப்சி, நான்கு சக்கரங்களாலும் இயங்கவல்ல வண்டி ஆகும். அதன் இயந்திரம் 970 சி.சி. அளவுடையது. சுமையுடன் மலையேறும்போது அது திணறுவது உண்டு. 1996இல் 1298 சி.சி. இயந்திரத்துடன் ஜிப்சி கிங் வந்தது. பழைய வண்டி வைத்திருந்தோர் சிலர் அவ்வியந்திரத்தைத் தம் வண்டியில் பொருத்தினர்.

இயந்திரம் மட்டும் மாறினால் போதுமா? அதனைத் தாங்கும் பிடிமானம், கிளட்ச், கியர்பெட்டி, ரேடியேட்டர் ஆகியனவும் அதற்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும். வலிமை மிகுந்தால் விரைவும் மிகும். விரைவு மிகுந்த வண்டியை இறக்கத்தில் நிறுத்துவது பிரேக்கே. ஆகவே, அதனையும் வலுப்படுத்துதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு அலுவலரின் ஒப்புதலும் தேவை.

பயிற்சி
1. பிரேக்கை ஏன் வலுப்படுத்த வேண்டும்?
2. பிரித்து எழுதுக: அவ்வியந்திரம்.