நோயாளி வரலாறும் ஆராய்ச்சிச் சான்றும்

இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவர், நோயாளி ஒருவரின் வரலாற்றை வகுப்பின்முன் எடுத்துரைப்பது அக்கல்வியின் நெடுநாள் வழக்கமாகும். ஏட்டில் படித்த தசையும் நரம்பும் ஓர் ஆளின் நடையில் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை இப்பயிற்சியே காட்டுகிறது. ஆயினும் அவ்வரலாறு எதை மெய்ப்பிக்கும், எதை மெய்ப்பிக்காது என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே உணர்த்துதல் வேண்டும்.

பக்கவாதத்தால் வலப்புறம் தளர்ந்த தச்சர் ஒருவரைக் கொள்வோம். “பயிற்சியால் நடை மிகவும் சீர்ப்பட்டது” என்று மாணவர் எழுதினால் அது குறிப்பன்று, பாராட்டே. பத்து மீட்டர் தூரத்தை முதல் நாள் 40 விநாடியிலும் ஆறாம் வாரத்தில் 22 விநாடியிலும் கடந்தார், இரு முறையும் ஊன்றுகோல் பிடித்திருந்தார் என்று எழுதினால் கேட்போர் தாமே எடைபோடலாம். நோய் கண்ட நாள், சிகிச்சை தொடங்கிய நாள், பயிற்சியின் வகையும் நேரமும், இடையில் நேர்ந்த தீங்கு ஆகியவையும் வேண்டும். 2013இல் வெளியான ‘கேர்’ நெறிமுறைகள் இத்தகைய செய்திகளை 13 தலைப்புகளில் வகுத்துள்ளன. நோயாளியின் இசைவும், அவர் தம் நிலையைத் தாமே கூறுவதும் அவற்றுள் அடங்கும். மீண்டும் இழைப்புளி பிடிக்க இயலுமா என்பதே தச்சரின் கேள்வி. விநாடிக் கணக்கில் அது வாராது.

அவர் தேறியது பயிற்சியாலா? பக்கவாதத்திற்குப் பின் முதற் சில மாதங்களில் உடல் இயல்பாகவே ஓரளவு மீள்கிறது. பயிற்சியின்றி அவர் எவ்வளவு தேறியிருப்பார் என்பதை அவர் ஒருவரைக் கொண்டே அறிய வழியில்லை. மேலும், இயன்முறைக் கூடத்திற்கு வருபவர் உயிர் பிழைத்தவர். 2005இல் திருவனந்தபுரம் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆறு மாத காலம் பக்கவாதம் கண்டோரைப் பதிவு செய்தபோது, 541 பேர் பதிவாயினர். நகரத்தாரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரும், கிராமத்தாரில் மூவரில் ஒருவருக்கு மேலும் 28 நாள்களுக்குள் இறந்தனர். அவர்களுடைய வரலாறு இவ்வகுப்பிற்கு வருவதில்லை.

இக்குறையை ஒப்பீட்டு ஆராய்ச்சியே நீக்கும். பக்கவாத நோயாளிக்கு வீட்டிலேயே பயிற்சி தருமாறு குடும்பத்தாரைப் பழக்கும் முறையை ‘அட்டெண்ட்’ ஆய்வு சோதித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உட்பட, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. ஆறாம் மாதத்தில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோருமாக, இரு பிரிவிலும் 47 விழுக்காட்டினரே இருந்தனர். பழக்கப்பட்ட குடும்பங்களிலும் தேறியவர் பலர். அவர்கள் வரலாறுகளை மட்டும் அடுக்கியிருந்தால், இம்முறை பெருவெற்றி எனத் தோன்றியிருக்கும். இதனால் இயன்முறைச் சிகிச்சையே பயனற்றது என்று கொள்வது பிழை. இரு பிரிவினரும் வழக்கமான சிகிச்சையைப் பெற்றவர்களே.

எனவே மாணவர் “பயிற்சியால் தேறினார்” என்னாது “பயிற்சிக்குப் பின் தேறினார்” என்று எழுதுதல் தகும். தனி வரலாற்றிற்கு உரிய இடம் வேறு. தளர்ந்த கையைப் பிடித்திழுத்து நோயாளியைத் தூக்கியபின் தோள்வலி கண்டதென்று களப்பணியாளர் ஒருவர் குறித்து வைத்தால், பிற இல்லங்களிலும் அதைத் தேடிப் பார்க்கலாம்; ஆராய்ச்சிக்கு உரிய வினா அங்கே பிறக்கிறது.