மகப்பேறின்மை: காரணம் தேடாத நம்பிக்கைகள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது, தேவனாம்பட்டினம் தொடங்கிச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை வரையிலுள்ள மீனவர் குப்பங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருள் பலர், இருக்கும் குழந்தைகள் போதும் என்று முன்னமே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். ‘ஆபரேஷன் ஆனவளுக்கு இனிமேல் ஏது குழந்தை?’ என்பதே நம் ஊர்களில் இன்றளவும் நிலவும் அபிப்பிராயம். ஆயினும் அந்தத் தாய்மாருக்காகத் தமிழக அரசு, கட்டிய கருக்குழாயை மீண்டும் இணைக்கும் நுண் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்து கொடுக்க முன்வந்தது. அதன் பயனாக மீண்டும் தாயானவர்களும் உண்டு, காத்திருந்து ஏமாந்தவர்களும் உண்டு. இந்த வேறுபாடு விதியின் விளையாட்டன்று. குழாயில் வளையம் மட்டும் இடப்பட்டிருந்ததா, அல்லது ஒரு பகுதி வெட்டியோ சுட்டோ நீக்கப்பட்டதா, எஞ்சிய குழாயின் நீளம் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, தாயின் வயது என்ன என்பனவே பலனை நிர்ணயிக்கின்றன. இணைத்த குழாயிலேயே கரு தங்கிவிடும் அபாயம் சற்று அதிகமாகையால், மாதவிலக்குத் தள்ளிப்போன உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வது அவசியம்.

அந்தத் தாய்மார் விஷயத்தில் காரணம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருந்தது. ஆகவே சிகிச்சையும் குறி தவறாமல் சென்றது. மணமாகி ஆண்டுகள் சென்றும் ‘விசேஷம் ஒன்றும் இல்லையா?’ என்ற கேள்வியைத் திருமண வீடுதோறும் சுமந்து திரிகிற பெண்ணின் விஷயத்திலோ, காரணம் இன்னதென்று ஆராய்வதற்கு முன்பே குற்றவாளி இன்னாரென்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. நான் மறுக்க விரும்பும் நம்பிக்கைகளில் தலையாயது இதுவே.

நம் கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தில் அச்சுத களப்பாளர் என்னும் பெரியவர் சந்ததியின்றி வருந்தித் தம் குருவாகிய சகலாகம பண்டிதரை அடைய, அவர் தேவார ஏட்டில் கயிறு சார்த்திப் பார்த்ததில் திருவெண்காட்டு முக்குளத்தைப் போற்றும் சம்பந்தர் பாடல் கிடைத்தது என்றும், அவ்வண்ணமே கணவனும் மனைவியும் திருவெண்காடு சென்று நீராடி வழிபட, சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் அவர்களுக்கு மகவாகத் தோன்றினார் என்றும் சைவ மரபு கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொடுவது, முக்குளத்தில் தம்பதியர் இருவரும் மூழ்கி எழுந்தனர் என்பது. இன்றைக்கும் திருவெண்காட்டுக்கு இருவரும் சேர்ந்தே செல்கிறார்கள். மருத்துவமனைக்கு மட்டும் மருமகளை மாமியார் தனியே அழைத்து வருகிறார். பிள்ளைப்பேறின்மைக்கான காரணங்களை ஆராய்ந்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்ணிடத்தும், ஏறக்குறைய அதே அளவு ஆணிடத்தும், மிச்சம் இருவரிடத்தும் கலந்தோ புலப்படாமலோ இருக்கக் காண்கிறோம். ஆணுக்குரிய முதற்பரிசோதனையான விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலியற்றது, ஒரே நாளில் முடிவது. அதைச் செய்யாமலேயே பெண்ணுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும், வயிற்றைத் துளைத்து லேப்பராஸ்கோபி செய்வதும் அநியாயம் என்று சொல்ல நான் தயங்கவில்லை. தாம்பத்திய உறவுக்கு ஆற்றல் இருப்பதாலேயே விந்தணுவில் குறையிராது என்று ஆண்மக்கள் நம்புவதும் பிழை, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒருமுறை எண்ணிக்கை குறைவாக வந்தால் இடிந்துபோகவும் வேண்டியதில்லை. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ எழுபது நாளுக்கு மேல் ஆவதால், முன்பு வந்த கடுங்காய்ச்சலின் விளைவுகூட இன்றைய அறிக்கையில் தெரியலாம். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

‘கர்ப்பப்பை சூடாக இருக்கிறது, அதனால் கரு தங்கவில்லை’ என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ‘ஒருமுறை கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று டி அண்டு சி செய்துகொள்ளும் பழக்கமும் அத்தகையதே. மாதந்தோறும் தன் உட்சவ்வைத் தானே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்புக்கு, வெளியிலிருந்து வரும் சுரண்டலால் நன்மை இல்லை. சில வேளைகளில் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இல்லாத மலட்டுத்தன்மை புதிதாக உண்டாவதும் உண்டு.

‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் பல பெண்கள் அழுதுவிடுகிறார்கள். கட்டி என்றால் வெட்டி எடுக்க வேண்டும், எடுத்தாலும் பிள்ளை பிறக்காது என்று பயப்படுகிறார்கள். பி.சி.ஓ.எஸ். என்று மருத்துவர் குறிக்கும் இந்நிலையில் ஸ்கேனில் தென்படுவன புற்றும் அல்ல, கழலையும் அல்ல; முழுவளர்ச்சி எய்தாமல் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகள் அவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதுடைய பெண்களில் நூற்றுக்கு எட்டு முதல் பதின்மூவர் வரை இந்நிலை உடையவர்கள்; முட்டை உரிய காலத்தில் வெளிப்படாமையால் உண்டாகும் குறைகளுள், மருந்துக்கு நன்றாக இணங்கும் ஒன்று இது. உடல் எடை மிகுந்தவர்க்கு அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைவதே சிலருக்கு முட்டை வெளிப்படப் போதுமானதாகிறது. மருந்துகளில் இப்போது முதலிடம் பெறுவது லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்கென வந்த மருந்தாகையால், மருந்துக் கடையில் அதன் தாளைப் படித்துவிட்டு அஞ்சித் தூர எறிந்தவர்கள் உண்டு. நம் நாட்டிலேயே 2011இல் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு அதைத் தடை செய்திருந்தார்கள். பின்னர் அத்தடை விலக்கப்பட்டது. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி வெளியிடப்பட்ட ஆய்வில், பழைய மருந்தாகிய குளோமிஃபீன் உண்டவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேரும், லெட்ரோசோல் உண்டவர்களில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மேலும் குழந்தை பெற்றனர். மாதத்தில் ஐந்து நாள் உட்கொள்ளும் இம்மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையின்றி, அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பலித்தது என்று வாங்கிச் சாப்பிடுவது மட்டும் தகாது.

இனிக் குழாய் அடைப்பு. ‘கஷாயம் குடித்தால் அடைப்புக் கரையும்’ என்ற நம்பிக்கையில் ஆண்டுகளை இழந்தவர்களை எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை. பழைய தொற்றாலும், நம் நாட்டில் குறிப்பாகக் காசநோயாலும், குழாயின் உட்புறம் தழும்பேறி மூடிக்கொள்கிறது. இருமலே இல்லாத பெண்ணுக்கும் இடுப்பறையில் காசநோய் இருக்கலாம். காசநோய்க்கான மருந்தை அரசு இலவசமாகவே தருகிறது, நோய் தீரும். ஆனால் தழும்பேறிய குழாய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அப்படிப்பட்டவர்க்கு, விந்தணுவைச் சுத்திகரித்துக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையாலும் பயனில்லை, குழாய் ஒன்றாவது திறந்திருந்தால்தான் அது பலிக்கும். குழாயையே தவிர்த்து, முட்டையை வெளியே எடுத்து விந்தணுவுடன் சேர்க்கும் ஐ.வி.எஃப். தோன்றியதே இவர்களுக்காகத்தான். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் இம்முறையால் உலகின் முதற்குழந்தையாகப் பிறந்த லூயி பிரவுனின் தாய்க்கு இரு குழாய்களும் அடைபட்டிருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 3இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி இந்தியாவின் முதற்குழந்தையை இம்முறையில் பிறக்கச் செய்தார். அவர் காலத்தில் அவரை நம்புவாரில்லை என்பது நம் நாட்டு விஞ்ஞான சரித்திரத்தின் ஆறாத புண். தென்னிந்தியாவில் 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் இதனைச் சாதித்தார். ‘சோதனைக்குழாய்க் குழந்தை’ என்று சொன்னாலும் குழந்தை அந்தக் குழாய்க்குள் வளர்வதில்லை. கரு மூன்று முதல் ஐந்து நாள் வரை ஆய்வகத்தில் இருந்தபின் தாயின் கருப்பைக்குச் சென்றுவிடுகிறது. அவ்வாறு பிறந்தவர்கள் பலவீனர்களாவர் என்ற பேச்சுக்கும், லூயி பிரவுன் வளர்ந்து 2006இல் சிகிச்சையேதுமின்றித் தாமே தாயானது பதில். கருவை உள்ளே வைத்தபின் வாரக்கணக்கில் படுக்கையில் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதும் தவறு. அதனால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

எனினும் ஐ.வி.எஃப். இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று எண்ணுவது மற்றொரு மயக்கம். பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் யாவும் அவளிடம் இருக்கின்றன. அவை குறையுமேயன்றிக் கூடா. முப்பத்தைந்துக்குப் பின் குறைவு விரைவாகிறது, தரமும் தாழ்கிறது. இதை எந்தச் சிகிச்சையாலும் பின்னோக்கித் திருப்ப இயலாது. ஆகவேதான் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காதவர்கள், முப்பத்தைந்தைக் கடந்தவராயின் ஆறு மாதத்திலேயே, மருத்துவரை நாட வேண்டும் என்பது விதி. ‘நூறு சதவீத வெற்றி’ என்று பேருந்தின் பின்புறத்தில் விளம்பரம் கண்டால், எந்த வயதினர்க்கு, கருத்தரிப்பிலா அல்லது உயிருள்ள குழந்தைப் பிறப்பிலா என்று கேட்க வேண்டும்.

கருத்தரிப்புச் சிகிச்சை பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐ.வி.எஃப். நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பெண்ணின் வயது இருபத்தொன்றுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். முட்டை தானம் செய்பவள் வாழ்நாளில் ஒரே முறைதான் செய்யலாம். தானமாகப் பெற்ற முட்டையில் பிறந்தாலும் அக்குழந்தை சட்டத்தின் முன் தம்பதியரின் சொந்தக் குழந்தையே.

ஐ.வி.எஃப்.புக்கு எல்லோரும் பெருநகரத் தனியார் நிலையங்களை நாடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் அரசின் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய படிகளான விந்துப் பரிசோதனை, தைராய்டு முதலிய ஹார்மோன் சோதனை, ஸ்கேன், குழாய்ப் படம் ஆகியவற்றுக்கு, 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக அண்ணாமலைநகரில் தொடங்கி இப்போது அரசுடைமையாகிவிட்ட சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதலில் அணுகலாம். முதல் வருகைக்கே கணவரும் உடன் வரட்டும். விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் உறவைத் தவிர்த்திருக்க வேண்டும் என்பதையும், பழைய அறிக்கைகளையும் படங்களையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்பதையும் புறப்படும்போது நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.